ஸ்ப்ரேயர், வீடர், பம்ப்புக்கு மாத்து இன்ஜின் பார்த்து வாங்கறது எப்படி: ஏற்காடு மலைக்கும் சேலம் கீழ்நாட்டுக்கும் சேர்த்து ஒரு முழு வழிகாட்டி

எங்களுக்கு ஏற்காட்டுல நாகலூர் பக்கம் சின்னதா ஒரு காபித் தோட்டம் இருக்குங்க, சில்வர் ஓக் மரத்துல மிளகு ஏத்தி விட்டிருக்கோம். கீழ வாழப்பாடி பக்கம் மாமனாரோட குச்சிக்கிழங்கு காடும் பாக்குத் தோப்பும். மேல அதிக அழுத்தத்துல மருந்து அடிக்கற எச்டிபி ஸ்ப்ரேயர், கீழ களை எடுக்கற பவர் வீடர், ரெண்டு எடத்துலயும் தண்ணி எடுக்க பம்ப், ஆக நாலு சின்ன இன்ஜின் வருஷம் பூரா எங்க கையில ஓடுது. இதுவரைக்கும் மூணு தடவை இன்ஜின் மாத்தியாச்சு, அதுல முதல் தடவை பட்டதுதான் இதை இவ்வளவு நீளமா எழுத வைக்குது.

மே மாசக் கடைசி, மழை எறங்கறதுக்கு முன்னாடி மிளகுக் கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிச்சு முடிக்கணும், இல்லன்னா வாடல் நோய் வந்துடும்னு அவசர அவசரமா அடிச்சிட்டு இருந்தப்ப ஸ்ப்ரேயர் இன்ஜின்ல கனெக்டிங் ராடு உடைஞ்சு பிளாக்கையே ஓட்டை போட்டுடுச்சு. சேலத்துல ஒரு கடைக்கு போன் போட்டு ஆறரை எச்பி பெட்ரோல் இன்ஜின் இருக்கான்னு கேட்டேன், இருக்குன்னாங்க, பணம் அனுப்பிட்டேன், பஸ்ல ஏத்தி விட்டாங்க. 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்த பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தா ஷாஃப்ட் முனையில மரை போட்டிருக்கு, அது தண்ணி பம்ப்புக்கு வர்ற இன்ஜின், நம்ம புல்லி அதுல நிக்கவே நிக்காது. மறுபடி கீழ கொண்டுபோய் மாத்தி வாங்கிட்டு வந்தா இப்ப ஷாஃப்ட் 20 எம்எம், எங்க புல்லி முக்கால் இஞ்ச். லேத் பட்டறைக்கு மறுபடி ஒரு நடை. அஞ்சு நாள் போச்சு, அதுக்குள்ள மழை பிடிச்சிக்கிச்சு, அடிக்காம விட்ட கீழ் மடையில கொடி மஞ்சளாகி கணு கணுவா உதிர்ந்ததை இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுது. கடைக்காரர் மேல முழுத் தப்பும் சொல்ல முடியாது, நான் எச்பியை மட்டும்தான் கேட்டேன். அளவைச் சொல்லியே கேட்டிருக்கணும்.

முதல் வேலை: இன்ஜின் நிஜமாவே போயிடுச்சான்னு பார்க்கறது

ஸ்டார்ட் ஆகலைன்னதும் புது இன்ஜின் தேடாதீங்க, எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் கிட்ட வர்ற இன்ஜின்ல பெரும்பாலானது கார்பரேட்டர் அடைப்புதான். சீசன் முடிஞ்சு டேங்க்ல பெட்ரோலோட மூலையில போட்டு வச்சிருப்பாங்க, இப்ப வர்ற ஈ20 பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், ஏற்காட்டு பனி மூட்டத்துல கேக்கவே வேணாம், தண்ணி கீழ தங்கி ஃப்ளோட் கப்புல பச்சையா வெள்ளையா படிஞ்சு பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டையான மெயின் ஜெட்டை அடைச்சிடும். கப்பைக் கழட்டி ஜெட்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, ஊசி முனை அளவு வட்டமா வெளிச்சம் தெரியணும். தெரியலன்னா கார்பரேட்டர் கிளீனர் அடிச்சு காத்து ஊதுங்க, கம்பியை விட்டு நோண்டினா ஓட்டை பெருசாயிடும்.

அதுக்கப்புறம் பிளக். நெருப்பு வரலைன்னா உடனே காயில் போச்சுன்னு முடிவு பண்ண வேணாம், ஆயில் குறைஞ்சா தானா நிக்கற ஆயில் அலர்ட் இருக்கற மாடல்ல அந்த சென்சார் கெட்டாலும் நெருப்பு வராது. சென்சார்ல இருந்து வர்ற ஒயரைத் தற்காலிகமா கழட்டி விட்டு இழுத்துப் பாருங்க, நெருப்பு வந்தா குத்தம் அங்கதான் இருக்கு. இதைச் செய்யறதுக்கு முன்னாடி ஆயில் நிஜமாவே இருக்கான்னு பார்த்துடுங்க.

வால்வு இடைவெளியும் நிறைய பேரு பார்க்கறதே இல்ல. ஹோண்டாவோட ஜிஎக்ஸ்160 ரக இன்ஜின்ல ஆறின நிலைமையில இன்டேக் 0.15 எம்எம், எக்ஸாஸ்ட் 0.20 எம்எம் இருக்கணும். வருஷக்கணக்கா தொடாம ஓட்டினா வால்வு தேஞ்சு உள்ள எறங்கி இடைவெளி இல்லாமயே போயிடும், வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் நிக்காது, கயிறு இழுத்தா லேசா வரும். இடைவெளி அளக்கற மெல்லிசு தகடான ஃபீலர் கேஜ் வச்சு பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டா செத்துச்சுன்னு நெனச்ச இன்ஜின் எழுந்து உக்காரும். கம்ப்ரஷன் கேஜ் போட்டு அளக்கறேன்னு சொல்றவங்களை இந்த இன்ஜின்ல அப்படியே நம்பாதீங்க, ஸ்டார்ட் பண்ண ஈஸியா இருக்கறதுக்காக இதுல டீகம்ப்ரஷன் அமைப்பு இருக்கு, கயிறு இழுக்கற வேகத்துல ரீடிங் குறைச்சலாத்தான் காட்டும்.

எப்ப கைவிடலாம்னா, பிளாக் உடைஞ்சிருந்தா, கிராங்க் வளைஞ்சு புல்லி ஆடினா, சிலிண்டர்ல கோடு விழுந்து நீலப்புகை தள்ளினா. இல்ல ரிப்பேர் செலவு புது இன்ஜின் விலையில பாதியைத் தாண்டினா. பாதிங்கறது என் கணக்குதான், ஆனா இதைத் தாண்டி செலவு பண்ணின ஒவ்வொரு தடவையும் வருத்தப்பட்டிருக்கேன்.

ரெண்டாவது: பழைய இன்ஜின் என்ன ரகம்னு படிக்கறது

ஹோண்டாவுல ஜிஎக்ஸ்160ன்னா 163 சிசி, ஜிஎக்ஸ்200ன்னா 196 சிசி, ஜிஎக்ஸ்390ன்னா 389 சிசி. இதே அமைப்புல வர்ற சைனா இன்ஜின்ல 168எஃப், 170எஃப், 188எஃப்னு போட்டிருக்கும். அதைப் படிக்கறது சுலபம்: முதல் 1ங்கறது ஒரு சிலிண்டர், அடுத்த ரெண்டு நம்பர் சிலிண்டர் விட்டம் எம்எம்ல, எஃப்னா காத்துல ஆறற வகை. 168எஃப்னா 68 எம்எம் போர், 188எஃப்னா 88 எம்எம் போர். ஆனா 168எஃப்னு மட்டும் கேட்டா பத்தாது, அதே 68 எம்எம் போர்ல பிஸ்டன் ஏறி எறங்கற தூரமான ஸ்ட்ரோக் 45 எம்எம்னா 163 சிசி, 54 எம்எம்னா 196 சிசி, ரெண்டும் அந்தப் பேர்லயேதான் பின்னாடி ஒரு ஒட்டு நம்பரோட கடையில நிக்கும். சிசியைக் கேட்டு வாங்குங்க.

எச்பி நம்பரைப் பத்தி ஒரு விஷயம். அதே ஜிஎக்ஸ்160க்கு முன்னாடி 5.5 எச்பின்னு போட்டாங்க, இப்ப 4.8ங்கறாங்க. ஜிஎக்ஸ்200 அப்ப 6.5, இப்ப 5.5. இன்ஜின் மாறலைங்க, அளக்கற முறை மாறிடுச்சு, இப்ப நெட் பவர் போடறாங்க. பழைய ஸ்டிக்கர்ல 5.5 பார்த்துட்டு புதுசுல 5.5 கேட்டீங்கன்னா ஒரு சைஸ் பெரிய இன்ஜின் வந்து நிக்கும். சில மலிவு இன்ஜின்ல 7, 7.5ன்னு தாராளமா போட்டிருப்பாங்க, அதுக்கும் சிசியைப் பாருங்க, 208, 212 சிசி இன்ஜின் 196 சிசியை விட ஒரு மடங்கு கூடுதலாவா இழுத்துடப் போகுது.

மூணாவது: அளவு எடுக்கறது

காசு நஷ்டமாகறதும் நாள் நஷ்டமாகறதும் இங்கதான், இங்க அவசரப்படாதீங்க. பழைய இன்ஜினை ஃப்ரேம்ல இருந்து கழட்டறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க, புல்லி எந்தப் பக்கம், சைலன்சர் எந்தப் பக்கம் ஊதுது, ஆக்சிலேட்டர் கேபிள் எங்க மாட்டியிருக்கு, எல்லாம் தெரியற மாதிரி. அப்புறம் துல்லியமா விட்டம் அளக்கற வெர்னியர் ஒண்ணு எடுத்துக்கங்க. டேப் வச்சு ஷாஃப்ட் அளக்க முடியாது, நான் அளந்துதான் ஏமாந்தேன்.

ஷாஃப்ட் விட்டம் முதல்ல. துருவையும் கிரீஸையும் எமரி பேப்பர்ல தேச்சு பளபளன்னு ஆனப்புறம் வெர்னியர் வாயை வைங்க. இந்த சைஸ் இன்ஜின்ல ரெண்டு விட்டம் வரும், ஒண்ணு 19.05 எம்எம், அதாவது முக்கால் இஞ்ச், பட்டறைக் கணக்குல ஆறு நூல். இன்னொண்ணு 20 எம்எம். வித்தியாசம் ஒரு எம்எம் கூட இல்ல, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். முக்கால் இஞ்ச் புல்லி 20 எம்எம் ஷாஃப்ட்ல ஏறவே ஏறாது, அது பரவால்ல, உடனே தெரிஞ்சிடும். 20 எம்எம் புல்லியை முக்கால் இஞ்ச் ஷாஃப்ட்ல போட்டா சுலபமா ஏறிடும், கிரப் ஸ்க்ரூவை முறுக்கினா நின்ன மாதிரியும் இருக்கும், அதுதான் ஆபத்து. ஓட ஓட அடிச்சு அடிச்சு, புல்லி வழுக்காம இருக்க கீ உக்கார்ற காடியான கீவேயை அகலமாக்கி, கீ நசுங்கி, கடைசியில ஷாஃப்ட்டே பாழாயிடும். ஷாஃப்ட் தலையில இருக்கற போல்ட்டு மரையும் இஞ்ச் ரகத்துல ஒரு மாதிரி, மில்லி ரகத்துல ஒரு மாதிரி, பழைய போல்ட்டைப் புதுசுல பலவந்தமா ஏத்தாதீங்க. பெரிய 390 சிசி ரகம்னா ஷாஃப்ட் 25.4 எம்எம், ஒரு இஞ்ச், அதுக்கு பேஸும் உயரமும் வேற.

அடுத்தது ஷாஃப்ட்டோட வகை. நேரா உருண்டையா கீவே வெட்டினதுதான் புல்லி, கப்ளிங், கிளட்சுக்கு. முனையில மரை இருந்தா தண்ணி பம்ப்புக்கு, தண்ணியைத் தள்ளற விசிறியான இம்பெல்லர் நேரா அதுல முறுக்கிக்கும். கூம்பு மாதிரி ஒடுங்கி இருந்தா ஜெனரேட்டருக்கு. வீடர்ல கியர்பாக்ஸோட நேரா போல்ட்டு போட்டு வர்ற இன்ஜின்ல ஷாஃப்ட் நீளமும் முன்பக்க கவர்ல இருக்கற போல்ட்டு ஓட்டைகளும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அங்க கழட்டின இன்ஜினையே கடைக்குத் தூக்கிட்டுப் போயிடறது உத்தமம். நீளத்தை ஷாஃப்ட் கவரை விட்டு வெளிய வர்ற எடத்துல இருந்து முனை வரைக்கும் அளந்து எழுதிக்கங்க. கீ அகலமும் எழுதிக்கங்க.

பேஸ் போல்ட்டு ஓட்டை நாலு. ஓட்டை மையத்துல இருந்து ஓட்டை மையத்துக்கு அளக்கணும். 160, 200 ரகத்துக்கு சுமார் 162 எம்எம்க்கு 75.5 எம்எம், பேஸ்ல இருந்து ஷாஃப்ட் மையம் வரைக்கும் உயரம் 106 எம்எம். சந்தோஷமான விஷயம் என்னன்னா 160, 200, அதே அமைப்புல வர்ற 168எஃப், 170எஃப் எல்லாம் பொதுவா இதே பேஸ், இதே உயரம். அதனாலதான் 163 சிசி எடுத்துட்டு 196 சிசி வைக்கறது வெல்டிங் வேலை இல்லாம முடியுது. ஒரு அட்டையை பேஸ் மேல வச்சு ஓட்டை எடத்துல விரலால அழுத்தித் தடம் எடுத்துட்டுப் போங்க, கடையில புது இன்ஜின் அடியில வச்சுப் பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

சுத்தற திசையையும் குறிச்சுக்கங்க. இந்த ரக இன்ஜின் ஷாஃப்ட்டைப் பார்த்து நின்னா இடஞ்சுழியா, அதாவது கடிகார முள்ளுக்கு எதிரா சுத்தும். பெல்ட்டுல ஓடற எச்டிபிக்கு பெருசா பிரச்சனை இல்ல, ஆனா நேரடி கப்ளிங்ல திசை மாறினா வீடர் பின்னாடி போகும், சென்ட்ரிஃப்யூகல் பம்ப் தண்ணி சரியா தள்ளாது. வேகத்தைக் குறைக்கற ரிடக்‌ஷன் கியர் வச்ச இன்ஜின் வாங்கும்போது இதைக் கேக்காம விடாதீங்க, கியர்ல திசை மாறலாம்.

நாலாவது: எவ்வளவு சக்தி, அதுலயும் மலைக்கு எவ்வளவு

எங்க தோட்டத்து ஆளுங்களுக்கே ரொம்ப நாள் புரியாத விஷயம் இது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 280 மீட்டர் பக்கம். மேல போகப் போக காத்து அடர்த்தி குறையுது, இன்ஜின் ஒவ்வொரு தடவை இழுக்கற காத்துலயும் ஆக்சிஜன் குறைச்சல். கார்பரேட்டர் இன்ஜினுக்கு 300 மீட்டருக்கு சுமார் 3.5 சதவீதம் சக்தி குறையும். 1500 மீட்டருக்குக் கணக்குப் போட்டா பதினேழு பதினெட்டு சதவீதம் காணாமப் போகுது. 5.5 எச்பி ஜிஎக்ஸ்200 இங்க கொடுக்கறது கிட்டத்தட்ட 4.5 எச்பி. அதாவது ஏற்காட்டுல 200 ரகம் ஓட்டறவன் கீழ 160 ரகம் ஓட்டறவனை விடக் கொஞ்சம் குறைவான சக்தியிலதான் வேலை செய்யறான். வாழப்பாடியில மாமனார் வீடரை மேல கொண்டு வந்து ஓட்டிப் பார்த்தப்ப இன்ஜின் போச்சுன்னே நெனச்சேன், திரும்பக் கீழ எறக்கினதும் பழையபடி இழுத்துச்சு.

அதனால மலையில இருக்கறவங்க இப்படி முடிவு பண்ணுங்க: பழைய இன்ஜின் நல்லா இருந்த காலத்துல வேலைக்குப் போதுமா இருந்துச்சா? இருந்துச்சுன்னா அதே சிசி வாங்குங்க, ஏன்னா அதுவும் இதே காத்துலதான் ஓடுச்சு. எப்பவுமே திணறித்தான் ஓடுச்சுன்னா, ரெண்டு ஸ்ப்ரே கன் போட்டு அடிச்சா பிரஷர் எறங்குச்சுன்னா ஒரு படி மேல, 163ல இருந்து 196. ரெண்டு படி தாவாதீங்க, 15 கிலோ இன்ஜினுக்கு செஞ்ச ஃப்ரேம்ல 31 கிலோ 390 சிசியை ஏத்தினா ஃப்ரேம் விரியும், வீடர்ல கியர்பாக்ஸ் பல்லு போகும்.

கார்பரேட்டர் விஷயமும் இதோட சேர்ந்தது. காத்து குறையுது, பெட்ரோல் மட்டும் அதே அளவு வருது, கலவை கெட்டியாகுது: பிளக் கரியா இருக்கும், கரும்புகை வரும், பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும். எப்பவுமே 1500 மீட்டர் வாக்குல, அதுக்கு மேல சேர்வராயன் கோயில் பக்கம்னு ஓட்டறவங்க வாங்கும்போதே சின்ன மெயின் ஜெட் கேட்டு வாங்கி மாத்திக்கறது நல்லது. ஆனா அந்த ஜெட்டோட இன்ஜினைக் கீழ எடுத்துட்டுப் போய் ஓட்டக் கூடாது, அங்க காத்து ஜாஸ்தி, பெட்ரோல் பத்தாம சூடு ஏறி பிஸ்டன் பிடிச்சிக்கும். ஒரே ஸ்ப்ரேயரை மேலயும் கீழயும் தூக்கிட்டுத் திரியறவங்க ஒரிஜினல் ஜெட்டையே விட்டுடுங்க, கொஞ்சம் புகைஞ்சாலும் உயிரோட இருக்கும்.

அஞ்சாவது: வேகமும் புல்லியும்

இந்த இன்ஜின் எல்லாம் உச்சத்துல 3600 ஆர்பிஎம், ஆனா இழுவை அதிகமா இருக்கறது 2500 பக்கம்தான். எச்டிபி பம்ப் 800ல இருந்து 1200க்குள்ள ஓடணும். இன்ஜின்ல 3 இஞ்ச் புல்லி, பம்ப்புல 10 இஞ்ச் புல்லின்னா 3600 பெருக்கல் 3 வகுத்தல் 10, 1080 வருது, சரியான கணக்கு. பழைய புல்லியையே போடறதா இருந்தா புது இன்ஜினும் அதே ஆர்பிஎம்தானான்னு பாருங்க, ரிடக்‌ஷன் வச்ச மாடல்ல 1/2ன்னு இருந்தா ஷாஃப்ட் 1800தான் சுத்தும், அப்ப உங்க பம்ப் பாதி வேகத்துல மூச்சு வாங்கும். ரிடக்‌ஷன் இருக்கா இல்லையான்னு கடைக்காரர் வாயால சொல்ல வைங்க. பவர் பத்தலைன்னு வேகத்தைக் கட்டுப்படுத்தற கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்து 3600க்கு மேல ஓட்டறவங்களை நிறைய பார்த்திருக்கேன், என் முதல் இன்ஜின் கனெக்டிங் ராடு உடைஞ்சதுக்கும் வேலையாள் செஞ்ச அந்த வேலைதான் காரணம்னு கழட்டிப் பார்த்தப்ப மெக்கானிக் அண்ணன் சொன்னாரு. "தம்பி, அந்த ஸ்பிரிங்ல கை வச்சா அது உங்க பையில கை வச்ச மாதிரி"ன்னாரு.

ஆறாவது: பெட்ரோலா டீசலா

மலைக்கு பெட்ரோல், யோசிக்கவே வேணாம். ரெண்டு ஆள் தூக்கிட்டு மடை மடையா எறங்கணும். டீசல்ல 186எஃப் மாதிரி வந்தா இன்ஜின் மட்டுமே அம்பது கிலோவை ஒட்டி வரும். கீழ சமதரையில தினமும் ஆறேழு மணி நேரம் வீடர் ஓட்டறவங்களுக்கு டீசல் கணக்கு ஒத்து வரும், எண்ணெய்ச் செலவு குறையும், இழுவையும் நல்லா இருக்கும், ஆனா பெட்ரோல் வீடரை டீசலா மாத்தலாம்னு மட்டும் இறங்காதீங்க, எடையும் அதிர்வும் தாங்காது, முழு மெஷினா டீசல்ல வாங்குங்க. அப்படி முழு மெஷின் வாங்கறதா இருந்தா வேளாண் பொறியியல் துறையில மானியம் இருக்கான்னு முதல்ல கேளுங்க, உழவன் ஆப்ல பதிஞ்சு வைக்கலாம். மண்ணெண்ணெய்ல ஓடற பழைய ரகம் இனி வேணாம், எண்ணெய் கிடைக்கறதே பாடா இருக்கு. காபி பல்ப்பர் மாதிரி ஒரே எடத்துல நிக்கற மெஷினுக்கு கரண்ட் லைன் கிட்டக்க இருந்தா மோட்டாரே போதும். இன்ஜின்தான்னா சைலன்சர் புகை ஷெட்டுக்கு வெளிய போற மாதிரி வைங்க, மூடின ஷெட்டுக்குள்ள பெட்ரோல் புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடு மணமே தெரியாம ஆளைக் கொன்னுடும்.

ஏழாவது: சரிவு, தூசி, மத்த சில்லறை விஷயம்

இந்த இன்ஜின்ல ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடு அடியில ஒரு சின்னக் கரண்டி மாதிரி இருக்கும், அது ஆயில்ல அடிச்சுத் தெறிக்க வச்சுத்தான் மேல வரைக்கும் நனையுது. 20 டிகிரிக்கு மேல சாஞ்சா கரண்டிக்கு ஆயில் எட்டாது. நம்ம மடைச் சரிவுல ஸ்ப்ரேயரை அப்படியே சாய்வா வச்சு ஓட்டறது ரொம்ப சகஜம், அடியில ரெண்டு கல்லு வச்சு சமப்படுத்துங்க. ஆயில் அலர்ட் இருக்கற மாடலா வாங்குங்க, மலைக்கு அது கட்டாயம். புல் வெட்டற பிரஷ் கட்டருக்கு இந்த ரகம் எதுவும் ஆகாது, அதுக்கு எப்படிச் சாய்ச்சாலும் ஓடற ஜிஎக்ஸ்35 மாதிரி 35.8 சிசி குட்டி ஃபோர் ஸ்ட்ரோக், இல்ல டூ ஸ்ட்ரோக். மாத்தறப்ப கிளட்ச் டிரம் விட்டம், குழாய் விட்டம் 26ஆ 28ஆ, உள் ராடு பல்லு ஏழா ஒம்பதா, இந்த மூணும் ஒத்துப் போகணும். டூ ஸ்ட்ரோக்னா ஆயில் கலவை டப்பாவுல போட்டிருக்கற படி, 50:1ன்னா லிட்டருக்கு 20 மில்லி, 25:1ன்னா 40 மில்லி.

ஏர் ஃபில்டர்ல கீழ்நாட்டுக்காரங்க கவனமா இருங்க. குச்சிக்கிழங்கு காட்டுல செம்மண் காஞ்சு வீடர் ஓட்டும்போது எழும்பற தூசியில சாதா பேப்பர் ஃபில்டர் சீக்கிரமே அடைச்சிடும், ஆயில் பாத் இல்ல சைக்ளோன் ரகம் கேளுங்க. மேல சாதா ஃபில்டரே ஓடிடும். செல்ஃப் ஸ்டார்ட் பேட்டரி எல்லாம் ஸ்ப்ரேயருக்கு வீண் எடை.

எட்டாவது: கடைக்குப் போறப்ப

கம்பெனி இன்ஜினா சைனா இன்ஜினான்னு எல்லாரும் கேக்கறாங்க. வருஷத்துல பத்து பதினஞ்சு நாள் ஸ்ப்ரே அடிக்கறவங்களுக்கு நல்ல 168எஃப் போதும், நானும் இப்ப மேல அதைத்தான் ஓட்டறேன். கூலிக்கு வீடர் ஓட்டறவங்க, தினமும் பம்ப் போடறவங்க காசு பார்க்காம கம்பெனி இன்ஜின் வாங்குங்க. எதை வாங்கினாலும் கார்பரேட்டர், கயிறு இழுக்கற ரீகாயில் ஸ்டார்ட்டர், காயில், பிஸ்டன் ரிங் இதெல்லாம் அதே கடையில ரேக்ல இருக்கான்னு எடுத்துக் காட்டச் சொல்லுங்க. சொன்னா வரவழைச்சுத் தர்றேங்கறது மழைக்கு முன்னாடி உதவாது.

கடையிலயே பெட்டியைப் பிரிங்க. உங்க வெர்னியரை எடுத்து ஷாஃப்ட்டை நீங்களே அளங்க, அட்டையை பேஸ்ல வைங்க, பழைய புல்லியைக் கையோட கொண்டு போயிருந்தா ஏத்திப் பாருங்க, கையால தள்ளினா ஆடாம வழுக்கிட்டு ஏறணும். ஷாஃப்ட்டைப் பிடிச்சு மேல கீழ ஆட்டிப் பாருங்க, ஆட்டமே இருக்கக் கூடாது. ஜிஎஸ்டி பில்லுல இன்ஜின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்க, பிளாக்ல குத்தியிருக்கற நம்பரும் அதுவும் ஒண்ணான்னு அங்கயே பாருங்க, பேர் பெத்த கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டின போலி நிறைய உலாவுது, ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம்.

ஒம்பதாவது: மாட்டி ஓட்டறது

புது இன்ஜின் பெட்டியில ஆயில் இல்லாமதான் வரும். இதைத் தனி வரியா எழுதணும்னே இருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் வாங்கி வந்த அன்னிக்கே பெட்ரோலை ஊத்தி இழுத்தாரு, நாலே நிமிஷம், உள்ள பிடிச்சிக்கிச்சு, வாரண்டியும் கிடையாதுன்னுட்டாங்க. 160, 200 ரகத்துக்கு 600 மில்லி, 10டபிள்யூ-30 ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில். சமமான எடத்துல வச்சு வாய் விளிம்பு வரைக்கும் நிக்கணும், அளவுக் குச்சியைத் திருகாம சும்மா உள்ள விட்டு எடுத்துப் பாருங்க, திருகிப் பார்த்தா ஜாஸ்தி காட்டி ஏமாத்திடும்.

புல்லியை சுத்தியல்ல அடிச்சு ஏத்தாதீங்க, அந்த அடி நேரா கிராங்க் பேரிங்குல போய் விழுது. லேசா கிரீஸ் தடவி கையால தள்ளி, கடைசிக் கொஞ்சத்தை ஷாஃப்ட் தலை போல்ட்டு வாஷர் வச்சு முறுக்கி ஏத்துங்க. ரெண்டு புல்லியும் ஒரே கோட்டுல இருக்கான்னு ஒரு நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க, நூல் ரெண்டு புல்லி முகத்தையும் நாலு எடத்துல தொடணும். வி பெல்ட்டை நடுவுல கட்டை விரலால அமுக்கினா அரை இஞ்ச் போனா போதும். அளவுக்கு மேல இறுக்கினா புது பேரிங் ஒரு சீசன் கூட வராது.

முதல் சில மணி நேரம் பாதி லோடுல ஓட்டுங்க, அன்னிக்கே ரெண்டு கன்னையும் திறந்து ஏக்கர் கணக்குல அடிக்க வேணாம். ஒரு மணி நேரம் ஓடினதும் ஆறவிட்டு பேஸ் போல்ட்டு நாலையும் திரும்ப ஒரு தடவை முறுக்குங்க, கண்டிப்பா கொஞ்சம் திரும்பும். 20 மணி நேரத்துல முதல் ஆயிலை சூட்டோட வடிச்சிடுங்க, ஒரு வெள்ளைத் தட்டுல பிடிச்சு வெயில்ல சாய்ச்சுப் பார்த்தா வெள்ளிப் பொடி மாதிரி மினுங்கும், புது உலோகம் ஒண்ணோட ஒண்ணு தேஞ்சது அது. பயப்பட வேணாம், ஆனா அதை உள்ளயே விட்டு ஓட்டினா அதுவே எமரியா அரைக்கும். அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒருக்கா, இல்ல ஆறு மாசத்துக்கு ஒருக்கா. ஒரு மாசத்துக்கு மேல ஓட்டாம வைக்கறதா இருந்தா டேங்க்கை வடிச்சிட்டு, பெட்ரோல் குழாயை மூடி, தானா நிக்கற வரைக்கும் ஓட விட்டு வைங்க.

பழைய இன்ஜினை இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுடாதீங்க. 163, 196 ரெண்டுக்கும் ரீகாயில், பெட்ரோல் டேங்க், காயில்னு நிறைய பாகம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகும். பிளாக் ஓட்டை விழுந்த என்னோட முதல் இன்ஜின் இன்னும் காபி ஷெட்டுல சாக்குப் போட்டு மூடித்தான் கிடக்கு. போன வருஷம் அடிச்சிட்டு இருக்கும்போதே ஸ்டார்ட்டர் கயிறு உள்ள சுருண்டு ஸ்பிரிங் உடைஞ்சப்ப அதுல இருந்து ரீகாயிலைக் கழட்டி மாட்டி அன்னிக்கே மிச்ச டிரம்மை அடிச்சு முடிச்சோம்.